ஆறு கடை, ஒரே இட்லி!

ஒரு தெருவில் ஆறு ஓட்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறிலும் இட்லி மட்டும்தான். சட்னியின் நிறம்கூட மாறாது. 'பொங்கல் இல்லையா?' என்று கேட்டால், 'எங்க கஸ்டமருக்கு இட்லிதான் சார் பிடிக்கும், சர்வே எடுத்திருக்கோம்' என்கிறார் கல்லாவில் இருப்பவர். நீங்கள் என்ன செய்வீர்கள்? கொஞ்ச நாள் இட்லியே சாப்பிடுவீர்கள். அப்புறம் வீட்டிலேயே சமைத்துக்கொள்வீர்கள்.

நம்ம ஊர் எஃப்.எம். கதை இதுதான். நிறையப் பேர் வீட்டில் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது, போனில் பாட்டு கேட்கிறார்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, தனியார் எஃப்.எம். எட்டிப் பார்க்காத 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. பட்டியலில் நம்ம தஞ்சாவூர், திண்டுக்கல், கரூர், புதுக்கோட்டை எல்லாம் இருக்கின்றன. ஏலம் எப்போது முடிந்து எந்த முதலாளி வந்தாலும் சரி... மைக்கை ஆன் பண்ணுவதற்கு முன் உள்ளூர்க்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தேவலை. 'உங்களுக்கு எந்த மாதிரி ரேடியோ வேணும்?'

இதுவரை இந்தக் கேள்வியோடு யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டியதாகத் தெரியவில்லை. டி.வி.க்கு டி.ஆர்.பி. மாதிரி, ரேடியோவுக்கு 'ராம்' என்று ஒரு கணக்கெடுப்பு 2007-ல் வந்தது. சில பேர் கையில் டைரியைக் கொடுத்து, எந்த ஸ்டேஷனை எப்போது கேட்டீர்கள் என்று குறித்துவரச் சொல்வார்கள். மும்பை, டெல்லி, பெங்களூரு, பிறகு கொல்கத்தா என்று அது நின்றுபோனது. சென்னைக்கே வராதது திண்டுக்கல்லுக்கு எங்கே வரப்போகிறது? வந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. 'எதைக் கேட்டீங்க?' என்பதுதான் அந்த டைரியின் கேள்வி. 'எது இல்லையேனு நினைச்சீங்க?' என்பதல்ல. இட்லிக் கடையில் எத்தனை இட்லி விற்றது என்று எண்ணினால், பொங்கலுக்கு ஏங்கும் வயிறு கணக்கில் வருமா?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாவம்.

2003-ல் சூரியனும் மிர்ச்சியும் சென்னைக் காற்றில் ஏறியபோது, அதுவரை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த ரேடியோத் தமிழ் லுங்கிக்கு மாறியது. 2006-ல் ரேடியோ சிட்டி, பிக், ஹலோ என்று வரிசை கட்டின. மதுரைக்காரர் மதுரைத் தமிழிலேயே ரேடியோவில் பேசுவதை மதுரை முதல்முறையாகக் கேட்டுச் சிரித்தது. செத்துப்போச்சு என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த ஒரு சாதனம் சலூனிலும் ஆட்டோவிலும் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. அது சின்ன சாதனை இல்லை.

ஆனால், எழுந்து உட்கார்ந்தது அங்கேயே உட்கார்ந்துவிட்டதே, அதுதான் பிரச்னை.

ஒரு வேலை நாளில், காலை எட்டு மணிக்கு, டயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். ஒரு குத்துப்பாட்டு. அடுத்ததில், அதே படத்தின் மெலடி. அடுத்ததில் ஒருவர் இன்னொருவரை போனில் ஏமாற்றிக் கலாய்க்கிறார். அடுத்ததில் நகைக்கடை, ரியல் எஸ்டேட், இன்னொரு நகைக்கடை. சுற்றி வந்தால், முதல் ஸ்டேஷனில் இப்போது அந்த மெலடி. ஸ்டேஷன் பெயரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஜிங்கிள் போட்டுச் சொல்கிறார்களே, ஏன் தெரியுமா? சொல்லாவிட்டால் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நமக்குத் தெரியாது!

பாட்டு போடுவதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? விவித பாரதியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலு விவரம் வரும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நடமாடும் சினிமா அகராதிகள். நம்ம எஃப்.எம்.களில் பாட்டு பெரும்பாலும் அநாதை. கவிஞர் பெயர் வராது. பாட்டின் பாதியில் பேச்சு, பேச்சின் பாதியில் பாட்டு. பாட்டையே விற்றுப் பிழைக்கும் கடையில் பாட்டுக்கு இவ்வளவுதான் மரியாதை.

ஏன் இப்படி? ஆர்.ஜே.க்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பி.காம். படித்த புத்திக்கு இதில் வேறொரு கணக்கு தெரிகிறது.

பீட்டர் ஸ்டைனர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1952-லேயே ரேடியோவை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். நம்ம பாணியில் சொல்கிறேன். ஊரில் 100 பேர். 80 பேருக்குப் புதுப்பாட்டு பிடிக்கும். 12 பேருக்குப் பழைய பாட்டு. 8 பேருக்கு உருப்படியான பேச்சு. இவை நானாக வைத்துக்கொண்ட எண்கள். முதல் ஸ்டேஷன் யாருக்காக வரும்? சந்தேகமென்ன, 80 பேருக்காக. இரண்டாவது? பழைய பாட்டு போட்டால் 12 பேர். புதுப்பாட்டில் பங்குக்குப் போனால் 40 பேர். பங்குதான் லாபம். ஆறாவது ஸ்டேஷன் வரும்போதும் கதை மாறாது. 80-ஐ ஆறால் வகுத்தால் ஆளுக்கு 13 சொச்சம். 12-ஐவிட 13 பெரிது இல்லையா? ஆக, ஆறு பேரும் புதுப்பாட்டு. மீதி 20 பேருக்கு ரேடியோவே கிடையாது!

யாரும் முட்டாள் இல்லை. ஆறு பேருமே புத்திசாலிகள். ஆறு புத்திசாலிகள் சேர்ந்தால் ஊருக்கு இப்படி ஒரு முட்டாள்தனம் கிடைக்கும் என்பதுதான் ஸ்டைனர் சொன்ன சேதி.

இதே கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறில் இரண்டு, மூன்று ஸ்டேஷன் ஒரே முதலாளி கையில் இருந்தால், அவர் மூன்றிலும் ஒரே பாட்டைப் போட மாட்டார். தன் கடை வாடிக்கையைத் தானே எதற்குப் பிரிக்க வேண்டும்? ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு என்று பிரிப்பார். 2005-ல் வந்த எஃப்.எம். கொள்கை ஓர் ஊரில் ஒருவருக்கு ஒரே அலைவரிசை என்றது. 2011-ல் வந்த கொள்கை அதைத் தளர்த்தியது. ஊரில் குறைந்தது மூன்று முதலாளிகள் இருக்க வேண்டும், ஒருவர் கையில் 40 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் ஒருவரே ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அதே 2011 கொள்கை இன்னொரு கதவையும் திறந்துவிட்டது. ஒரு கம்பெனி தன் ஸ்டேஷன்களைக் கோத்து, ஒரே நிகழ்ச்சியை எல்லா ஊரிலும் ஒலிபரப்பலாம். முன்பு சின்ன ஊர்களுக்கு மட்டும் இருந்த சலுகை எல்லா ஊருக்கும் வந்தது. செலவு மிச்சம்தான். ஆனால், பெரிய நகரத்து ஸ்டூடியோவில் பேசியதைச் சின்ன ஊருக்கும் ஓட்டினால், அந்த ஊரின் பெயர் போர்டில் மட்டும்தான் இருக்கும்.

பாட்டு மலிவும்கூட. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம், எஃப்.எம். நிலையங்கள் பாட்டுக் கம்பெனிகளுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவிகிதம் கொடுத்தால் போதும் என்றது. பத்து வருஷம் அந்தக் கணக்குதான் ஓடியது. நூறு ரூபாய் வந்தால் இரண்டு ரூபாய் சரக்குச் செலவு. அந்த விலைக்கு எழுத்தாளரையும், நடிகரையும், வெயிலில் அலைகிற ஒரு நிருபரையும் வைத்து நிகழ்ச்சி பண்ண முடியுமா? முடியாது. அதனால் பண்ணவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

'நாங்க என்ன சார் பண்றது? எங்களுக்குத்தான் செய்தி சொல்ல அனுமதி இல்லையே!' என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். பாதி உண்மை. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. அரசு வானொலியின் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் வேண்டுமானால் மறுஒலிபரப்பு செய்யலாம். இத்தனை டி.வி. சேனல்களுக்கும் பேப்பர்களுக்கும் உள்ள உரிமை ரேடியோவுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது நியாயமான கேள்விதான்.

மீதிப் பாதியைப் பாருங்கள். 2011 கொள்கையிலேயே, 'இதெல்லாம் செய்தி ஆகாது, தாராளமாகச் சொல்லலாம்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. டிராஃபிக், மழை, வெயில். திருவிழா, கலை நிகழ்ச்சி. பரீட்சை, ரிசல்ட், காலேஜ் அட்மிஷன். வேலைவாய்ப்பு. கரன்ட், தண்ணீர் பற்றிய அறிவிப்பு. இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை.

ஒரு சராசரிக் குடும்பத்துக்குக் காலையில் வேறென்ன செய்தி சார் வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி பத்து மணிக்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, 'நாளைக்கு லீவா?' அதற்கு டி.வி.யில் ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டும், வாட்ஸ்அப்பில் வரும் போன வருஷத்துக் கலெக்டர் அறிக்கையை நம்பியும் ஏமாறுகிறோம். 'எந்த ஏரியாவில் நாளைக்குக் கரன்ட் கட்? லாரித் தண்ணி எப்போ?' இதையெல்லாம் கால் மணிக்கு ஒருமுறை சொல்லும் ஒரு ஸ்டேஷனுக்குச் சட்டத்தில் தடையே இல்லை. நியூயார்க்கில் 'வின்ஸ்' என்ற ஸ்டேஷன் 1965-ல் பாட்டை மூட்டை கட்டிவிட்டு முழு நேரச் செய்திக்கு மாறியது. அது செய்தி, நம்மால் முடியாது. ஆனால், அதே சுழற்சியில் ஊர்த் தகவல் சொல்வதை யார் தடுத்தது?

ஆக, உள்ளூர்க்காரர்கள் சார்பில் என் மெனு இது. நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. எல்லாமே எங்கேயோ ஏற்கெனவே வெந்த சாதம்தான்.

முதல் அயிட்டம், ஊர் ரேடியோ. இப்போது சொன்னதுதான். இதோடு ஊரின் தொழிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1960-களில் தஞ்சை ஜில்லாவில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியபோது, ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டு விதைத்த நெல் அது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியில் வாசித்ததும் அதே அரசு ரேடியோதான். கேலி செய்தவர்கள் உண்டு. அந்த எண்ணுக்காகவே ரேடியோவைப் போட்ட மிராசுகளும் உண்டு. திண்டுக்கல்லுக்கு வரும் ஸ்டேஷன், நிலக்கோட்டை மல்லி விலையையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் காய்கறி விலையையும் விடிகாலையில் சொல்லட்டும். அப்புறம் அரை மணி நேரம் இளையராஜா போடட்டும். யார் வேண்டாம் என்றது?

இது கனவு இல்லை. பாம்பனில் 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்களுக்கான சமுதாய வானொலி. காற்று எப்படி, அலை எப்படி, இன்றைக்குப் படகு எடுக்கலாமா என்பதுதான் அங்கே தலைப்புச் செய்தி. சமுதாய வானொலிக்கு 100 வாட்ஸ் சக்திதான் அனுமதி. எங்கள் தெருக் கோயில் ஸ்பீக்கருக்கே அதைவிட அதிகம் இருக்கும்! அந்தச் சின்ன சக்தியில், கேட்பவர்களுக்கு எது உயிர் பிரச்னையோ அதைச் சொல்ல முடிகிறது. கோடிக்கணக்கில் பணம் கட்டி ஏலம் எடுப்பவர்களால் முடியாதா?

இரண்டாவது, கதை ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்துக்காக வேலையை ஒதுக்கி வைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதில் பல பேருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. அவர்களுக்கு டி.வி. வெறும் சத்தம். போனின் எழுத்து எறும்பு. கல்கியும் புதுமைப்பித்தனும் நாட்டுடைமை ஆகிவிட்டார்கள், ராயல்டி கிடையாது. நல்ல குரல் நாலு பேர், ஒரு நல்ல ஒலிப்பதிவாளர், மதியம் இரண்டு மணி. போதும். மதிய நேரத்தில் விளம்பரமே வருவதில்லை என்று அழுகிறவர்கள் இதை ஒரு வருஷம் செய்துபார்க்கட்டும்.

மூன்றாவது, ராத்திரி ரேடியோ. எங்கள் பிளாட்டின் இரவுக் காவலாளியிடம், 'என்ன கேப்பீங்க?' என்றேன். 'பாட்டு கேட்டா தூக்கம் வருது சார். யாராச்சும் பேசிக்கிட்டிருந்தா முழிச்சிருப்பேன்' என்றார். சொல்லப்போனால், இது ஒரு முழு ஸ்டேஷனுக்கான ஐடியா. நர்ஸ், லாரி டிரைவர், மில் ஷிஃப்டில் நிற்கும் பெண்கள், கால்டாக்ஸி ஓட்டுபவர்... ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச ஒரு மனித குரல் வேண்டும். பல ஸ்டேஷன்களில் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர்தான் தனியாக உட்கார்ந்து பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறது.

நாலாவது, நம் சொந்தப் பாட்டு. சினிமாவுக்கு வெளியேயும் தமிழனுக்குப் பாட்டு இருக்கிறது சாமி! கானா, நாட்டுப்புறம், நாதஸ்வரம், கர்நாடகம், தனியாகப் பாடிப் பதிவேற்றும் இளைஞர்கள். 'இதுக்கெல்லாம் ஆள் கிடையாது' என்பார்கள். வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கிறதா? சாட்டிலைட் ரேடியோ. தனிக் கருவியும் வாங்கி, சந்தாவும் கட்ட வேண்டும். அதில் கர்நாடக சங்கீதத்துக்கென்றே 'ஸ்ருதி' என்று ஒரு சேனல் ஓடியது. ரேடியோவுக்குக் காசு கொடுத்துக் கேட்டார்கள் நம் மக்கள்! தாய்க் கம்பெனி அமெரிக்காவில் திவால் ஆனது. 2009 டிசம்பர் 31-ஓடு இங்கேயும் மூடிவிட்டார்கள். அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடை மூடியதற்கு முதலாளியின் கடன்தான் காரணம். சாப்பிட ஆள் வராததல்ல.

'எல்லாம்தான் போனில் இருக்கே, எதுக்கு ரேடியோ?' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. இருக்கிறது. பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது, உலகமே இருக்கிறது. அதனால்தான் பாட்டை மட்டும் நம்பி ஸ்டேஷன் நடத்துவது இனி நஷ்டக் கணக்கு என்கிறேன். போன் நாம் தேடியதைத் தரும். தேடத் தெரியாததை, பக்கத்துத் தெருவில் இப்போது நடப்பதைச் சொல்ல ஓர் ஊர்க்குரல் வேண்டும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில் மரம் விழுந்தது, கரன்ட் போனது, போன் டவர்கள் படுத்துவிட்டன. கையிலிருந்த ஸ்மார்ட்போன் வெறும் டார்ச்லைட். பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர் அன்றைக்கு ராஜா. அப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு ஸ்டேஷன் என்ன பேசுகிறது என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும்.

கடைசியாக ஒன்று. ஓட்டல்காரர் எதை வேண்டுமானாலும் விற்கலாம். அது அவர் இடம், அவர் அடுப்பு. ரேடியோ அப்படி இல்லை. 91.1, 91.9, 92.7, 93.5... எண்களைக் கவனித்திருக்கிறீர்களா? 0.8 இடைவெளி. ஒன்றோடொன்று மோதாமல் இருக்க விட்ட இடம் அது. அதனால் ஓர் ஊருக்கு இத்தனை ஸ்டேஷன்தான் என்று அளவு உண்டு. அந்த அலைகள் யாருக்குச் சொந்தம்? 'பொதுச்சொத்து' என்று 1995 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, தெரு நம்முடையது. கடைபோட வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

வாடகைக்கு விடுகிறவர், 'என்ன கடை வைக்கப்போறீங்க?' என்று கேட்பது தப்பா? இங்கிலாந்தில் கேட்டார்கள். அவர்களின் 1990 ஒலிபரப்புச் சட்டப்படி, உள்ளூர் ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் தரும்போது பணத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். அந்த ஊர் ஜனங்களின் ரசனைக்கு ஏற்றதா, ஏற்கெனவே இருப்பதிலிருந்து வேறுபட்டதா, ஊரில் ஆதரவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2024-ல் வந்த அவர்களின் மீடியா சட்டம், எந்த வகைப் பாட்டு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால், உள்ளூர்ச் செய்தியும் தகவலும் தர வேண்டும் என்ற நிபந்தனையை வலுப்படுத்தியது. முப்பது வருஷத்துக்கு மேல் கடை நடத்திப் பார்த்தவர்கள் கடைசியில் பிடித்துக்கொண்ட விஷயம் அதுதான். பாட்டு எங்கேயும் கிடைக்கும். ஊர் ஊரில்தான் கிடைக்கும்.

நம் ஏலத்தில் ஒரே கேள்விதான். 'எவ்வளவு தர்றீங்க?' அதோடு இன்னொரு வரி சேர்த்தால் என்ன? ஓர் ஊருக்கு மூன்று அலைவரிசை என்றால், அதில் ஒன்று பகலில் இத்தனை மணி நேரம் அந்த ஊருக்காக, அந்த ஊரிலிருந்தே பேச வேண்டும். அதற்குக் கட்டணத்தில் சலுகை கொடுங்கள். அரசுக்கு வருமானம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே. செய்தித் தடையையும் எடுங்கள். அப்புறம் சாக்கு சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது.

தஞ்சாவூர்க்காரர்களே, திண்டுக்கல்காரர்களே, கரூர்க்காரர்களே... உங்கள் ஊருக்கு ஸ்டேஷன் வரும் நாளில் பிரமாண்ட திறப்பு விழா நடக்கும். நடிகர் வருவார், பலூன் விடுவார்கள், டி-ஷர்ட் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. வாங்கும்போது மைக்கை நீட்டி, 'உங்களுக்கு எந்த நடிகரைப் பிடிக்கும்?' என்று கேட்பார்கள். சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். 'தம்பி, மேட்டூர்ல தண்ணி எவ்வளவு நிக்குது?' என்று திருப்பிக் கேளுங்கள்.

பதில் வந்தால் அது உங்கள் ஊர் ரேடியோ. ஜிங்கிள் வந்தால் ஏழாவது இட்லிக் கடை!